மதுரையிலிருந்து கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம்: புதிதாக முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இறுதித் தேர்வு முடிந்த கையோடு, ஜூன் மாத வாக்கில், "கோட்பாட்டு இயற்பியல்ல பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன் சார்" என்று வந்து நிற்கும் மாணவரிடம் நான் பெரும்பாலும் முதலில் சொல்ல வேண்டியிருப்பது, அந்த ஆண்டுக்கான முக்கிய நுழைவுத் தேர்வுகள் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டன என்பதைத்தான். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் திறமைக் குறைவை நான் கண்டதில்லை. எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வீட்டிலோ தெருவிலோ ஆள் இல்லை என்பதுதான் குறை. நானும் அப்படித்தான் ஓர் ஆண்டை இழந்தேன். ஆய்வு நிறுவனங்களில் பிஎச்.டி. சேர்வதற்கு ஜெஸ்ட் என்று ஒரு தேர்வு இருப்பதே, விண்ணப்பிக்கும் கடைசி நாள் கழிந்து இரண்டு வாரம் ஆன பிறகு, பெரியார் பேருந்து நிலையத்தில் உடன் நின்ற வேறொரு கல்லூரி மாணவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த ஓராண்டை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், இது உங்களுக்கு உரிய துறைதானா என்று பாருங்கள்

நம் பகுதியில் இயற்பியல் ஆய்வு என்றால் பெரும்பாலும் படிக வளர்ப்பு, மென்படலம், நானோ பொருள்கள் என்று ஆய்வகம் சார்ந்ததாகவே இருக்கும். கோட்பாட்டு ஆய்வில் ஆய்வகம் கிடையாது. தாள், கரும்பலகை, கணினி ஆகியவைதான் கருவிகள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரிலிருந்தே விளக்கலாம். இந்திய நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்தின் முன்மாதிரியாக, 85 டன் எடையுள்ள இரும்பு அடுக்குக் காந்தத்தைக் கொண்ட மினி-ஐகால் என்ற கருவி மதுரையில் அமைக்கப்பட்டது. விண்வெளிக் கதிர்களால் உருவாகும் மியூவான்களை அதில் பதிவு செய்து பகுப்பாய்பவர் சோதனை இயற்பியலாளர். நியூட்ரினோ ஒன்று பூமியின் உட்பகுதியைக் கடந்து வரும்போது எவ்வளவு நிகழ்தகவுடன் வேறு வகை நியூட்ரினோவாக மாறும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் கோட்பாட்டாளர். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை இல்லை. ஆனால் இருவரும் தம் நாளைக் கழிக்கும் முறை முற்றிலும் வேறு.

கருந்துளை, பெருவெடிப்பு பற்றிய காணொளிகளைப் பார்த்து ஆர்வம் கொள்வது நல்ல தொடக்கம். ஆனால் அதை மட்டும் நம்பி ஐந்தாண்டுகளை ஒப்படைத்துவிடக் கூடாது. அதைவிட நம்பத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறேன். இரண்டே இரண்டு ஆற்றல் நிலைகளைக் கொண்ட ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் பகிர்வுச் சார்பை (பார்ட்டிஷன் ஃபங்ஷன்) எழுதி, அதிலிருந்து தன்வெப்பத்தைக் கணக்கிட்டு, வெப்பநிலைக்கு எதிராக வரைபடம் வரையுங்கள். மிகக் குறைந்த வெப்பநிலையிலும் மிக உயர்ந்த வெப்பநிலையிலும் அது சுழியை நோக்கிச் சரியும். நடுவில் ஒரு மேடு தோன்றும். இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். இப்போது சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு, இரு முனைகளிலும் ஏன் சரிகிறது என்று உங்கள் தங்கைக்குப் புரியும்படி வாயால் விளக்கிப் பாருங்கள். குளிரில், மேல் நிலைக்கு ஏறத் தேவையான ஆற்றலே கிடைப்பதில்லை. மிகுந்த வெப்பத்தில், இரு நிலைகளும் ஏறக்குறைய சரிபாதி நிறைந்துவிடுவதால் மேற்கொண்டு ஏற்றுக்கொள்ள இடமில்லை. இந்த விளக்கத்தை நீங்களே கண்டடையும்போது மனத்தில் ஒரு துள்ளல் எழுகிறது என்றால், இந்தத் துறை உங்களுக்கானதுதான். விடை வந்துவிட்டது, அடுத்த கணக்குக்குப் போகலாம் என்று மட்டும் தோன்றினால், நன்கு யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கோட்பாட்டு இயற்பியலுக்குள்ளும் பல தெருக்கள் உண்டு: குவாண்டம் புலக் கோட்பாடும் இழைக் கோட்பாடும், ஈர்ப்பியலும் பேரண்டவியலும், திண்மப் பொருள் கோட்பாடு, புள்ளியியல் இயற்பியல், குவாண்டம் தகவலியல், நேரியலற்ற இயங்கியல் ஆகியவை அவற்றுள் சில. எம்.எஸ்சி. படிக்கும்போதே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டியதில்லை. கல்லூரியில் கேட்டறியாத ஒரு கிளைதான் பிறகு பிடித்துப்போகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடித்தளத்தைப் போடுதல்

செவ்வியல் இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயந்திரவியல், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள் ஆகிய ஐந்தும் கைக்குள் இருக்க வேண்டும். கைக்குள் என்று நான் சொல்வது, பக்கத்தைப் புரட்டாமல் கணக்கைத் தொடங்கிக் கடைசி வரி வரை கொண்டுபோகும் நிலையை. நம் கல்லூரிகளில் "டெரிவேஷன்" மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கப் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் மிகக் கடினம். எனக்கும் இதுவே கடினமாக இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு கணக்குகள் போதும், ஆனால் அவற்றை முழுமையாகச் செய்ய வேண்டும். விடைத்தாளைப் பார்த்துவிட்டு "ஆமாம், இப்படித்தான்" என்று தலையாட்டுவது படிப்பாகாது.

வகுப்பில் கிடைக்காததை ஈடுகட்ட, ஐஐடி முதலிய நிறுவனங்கள் இணையத்தில் வழங்கும் என்பிடெல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் விரிவுரைகளை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டால், ஒரு நல்ல ஆசிரியரின் முன்வரிசையில் அமர்ந்த பயன் கிடைக்கும். வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்கள், புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். செய்த கணக்கை ஒரு நண்பருக்குக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் விளக்கும் வழக்கத்தை வாரம் ஒருமுறை வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

பி.எஸ்சி. மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐஐடி ஜாம் தேர்வின் மூலம் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம், சில நிறுவனங்களில் முதுகலையும் முனைவர் பட்டமும் இணைந்த படிப்பிலும் சேரலாம்.

கோடை விடுமுறைகளை வீணாக்காதீர்கள். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித் திட்டத்தில் தேர்வானால், நாட்டின் முன்னணி ஆய்வாளர் ஒருவரிடம் இரண்டு மாதம் உதவித்தொகையுடன் வேலை செய்யலாம். இதற்கான விண்ணப்பம் கோடைக்கு நெடுநாள் முன்பே, வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும் என்பதால், ஏப்ரலில் விசாரித்துப் பயனில்லை. அந்த இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட முடியாது; ஆனால் ஆய்வு என்பது அன்றாடம் எப்படி நடக்கிறது என்று தெரியவரும், உங்களை நேரில் அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். பிற்பாடு அந்தக் கடிதம் மதிப்பெண் பட்டியலைவிடக் கூடுதலாகப் பேசும்.

தேர்வுகளும் மாதங்களும்

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தொடங்கும் போதே கீழே சொல்பவற்றை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். துல்லியமான தேதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கான கேட் தேர்வுக்கு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். அதன் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில் வரும். ஜெஸ்ட் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பித்து, பிப்ரவரி அல்லது மார்ச்சில் எழுத வேண்டியிருக்கும். ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என இரண்டு சுற்றுகளாக நடத்தப்படுகிறது. சுற்றின் பெயர் ஜூனாக இருந்தாலும் தேர்வு ஓரிரு மாதம் தள்ளிப்போவது உண்டு. மே முதல் ஜூலை வரை நேர்காணல்கள் நடந்து, ஆகஸ்டில் சேர்க்கை முடியும்.

கோட்பாட்டு இயற்பியலை நாடுபவருக்கு இவற்றுள் ஜெஸ்ட்தான் தலையாயது என்பது என் கருத்து. 1962-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை தரமணியில் உள்ள, மாணவர்கள் மேட்சயின்ஸ் என்று அழைக்கும் கணித அறிவியல் நிறுவனம் உட்பட நாட்டின் பல ஆய்வு நிறுவனங்கள் இதன் தரவரிசையைப் பார்த்தே நேர்காணலுக்கு அழைக்கின்றன. சூத்திரத்தை நினைவில் வைத்திருப்பதைவிட, பரிமாணப் பகுப்பாய்வு, சமச்சீர்மை, எல்லை நிலைகள் ஆகியவற்றைக் கொண்டு குறுக்கு வழியில் விடையை எட்டும் கூர்மையை அது சோதிக்கும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

நெட் தேர்வின் நோக்கம் சற்று வேறு. மூன்று மணி நேரத்தில் 75 வினாக்களுள் 55-க்கு விடையளிக்க வேண்டும். மொத்தம் 200 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழிக்கப்படும். இதில் சரிபாதியான 100 மதிப்பெண் மூன்றாம் பகுதியிலுள்ள 30 வினாக்களுள் 20-க்கு உரியது என்பதால், பொதுத் திறனைச் சோதிக்கும் முதல் பகுதியில் நேரத்தைக் கரைத்துவிடாமல் அங்கே போய்ச் சேர வேண்டும். இதன் வழியாக ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்துவிட்டால் உதவித்தொகையும் உங்கள் கையோடு வருவதால், எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலிலும் வரவேற்பு இருக்கும். 2024 முதல், ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுள் சிலரையும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் என்று தனியாக அறிவிக்கிறார்கள். அந்தத் தகுதி ஓராண்டுதான் செல்லும்.

சான்றிதழ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் சறுக்கியவர்கள் பலர். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருப்பது மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் போதாது. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, உள்ளது என்றால், மத்திய அரசின் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி மிகுந்த பிரிவு) அல்லாதவர் என்ற சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துத் தனியாக வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் தாலுகா அலுவலகத்தில் கிடைக்காது. அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

நேர்காணல்

எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் பலர் இங்கேதான் நழுவுகிறார்கள். சேர விரும்பும் கிளையைக் கேட்டுவிட்டு, அதைப் பற்றி எதுவும் கேட்காமல், பி.எஸ்சி. பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்துக் கரும்பலகைக்கு அனுப்புவார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவருக்கு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உறங்காமல் போய்ச் சேர்ந்தவரிடம், சீரிசை அலையியற்றியின் (ஹார்மோனிக் ஆஸிலேட்டர்) ஆற்றல் நிலைகளைக் கேட்டிருக்கிறார்கள். அரை, ஒன்றரை, இரண்டரை என்று மடமடவென்று சொல்லிவிட்டார். "சரி, இப்போது நடுவில், ஆதிப்புள்ளியில், தாண்டவே முடியாத ஒரு சுவரை வைத்துவிட்டேன். வலப்பக்கம் மட்டும்தான் துகள் இருக்க முடியும். இப்போது ஆற்றல் நிலைகள் என்ன?" என்றாராம் ஒருவர். பாதி இடம்தானே, ஆகவே ஆற்றலும் பாதி என்று அவசரத்தில் சொல்லிவிட்டார். யாரும் கடிந்துகொள்ளவில்லை, "படம் வரையுங்கள்" என்றார்களாம். பழைய அலைச் சார்புகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே வந்தவருக்கு, மூன்றாவது படத்தில் கை நின்றது. சுவர் இருக்கும் இடத்தில் அலைச் சார்பு சுழியாக வேண்டும். ஆதிப்புள்ளியில் சுழியாவது ஒற்றைச் சார்புகள் மட்டும்தான். ஆகவே பழைய நிலைகளில் ஒன்றுவிட்டு ஒன்று மட்டும் தப்பிப் பிழைக்கிறது. 3/2, 7/2, 11/2 என்று எழுதிவிட்டுத் திரும்பினார். அவருக்கு இடம் கிடைத்தது.

நேர்காணல் செய்பவர்கள் பார்ப்பது முதல் விடையை மட்டும் அல்ல; தவறு என்று தெரிந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையே கூர்ந்து பார்க்கிறார்கள். ஆகவே, மௌனமாக நின்று யோசிக்காமல் வாய்விட்டு யோசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த முனையிலிருந்து தொடங்குங்கள்.

எங்கே, யாரிடம்

ஆய்வு நிறுவனங்களில் முதலாண்டு வகுப்புகளை முடித்த பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சேரும்போதே நெறியாளர் இசைவு தேவைப்படும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் புலம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள கோட்பாட்டு இயற்பியல் துறை, நேரியலற்ற இயங்கியலுக்குப் பெயர்பெற்ற திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக மையம், சென்னை ஐஐடி, சற்றுத் தள்ளிப் போனால் திருவனந்தபுரம், திருப்பதி ஊர்களிலுள்ள ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனங்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் என்று ஒரு பட்டியலைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் கோட்பாட்டுப் பணி செய்பவர்கள் யார் யார் என்று துறைப் பக்கத்தில் பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அவர் அண்மை மூன்றாண்டுகளில் எழுதிய கட்டுரைகளின் முன்னுரைகளையாவது படியுங்கள். அவருடைய கடைசி மூன்று மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, வாரத்தில் எத்தனை முறை கலந்து பேச முடிகிறது என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க முடியாது. இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்கி, நான்காம் ஆண்டில் நெறியாளரை மாற்ற நேர்ந்தவர்களை நான் அறிவேன்.

மின்னஞ்சல் எழுதும்போது எட்டு வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் புரியாமல் நின்றது என்பவற்றைச் சொல்லி, மதிப்பெண் பட்டியலையும் திட்டப்பணி அறிக்கையையும் இணையுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பது பேருமே அது பொதுக் கடிதம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

யுஜிசியின் அதே 2022 விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டதால், "முதலில் எம்.ஃபில். முடி" என்ற பழைய அறிவுரையை விட்டுவிடலாம். வெளிநாட்டை நாடுபவர்கள் முந்தைய ஆண்டு டிசம்பருக்குள் மூன்று பரிந்துரைக் கடிதங்களோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இத்தாலியின் ட்ரியெஸ்ட்டில் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம், நம்மைப் போன்ற வளரும் நாட்டு மாணவர்களுக்கு முழு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துவதையும் நினைவில் வையுங்கள்.

பணமும் வீடும்

"இன்னும் அஞ்சு வருசம் படிப்புன்னு சொல்றானே சார், அதுவரைக்கும் நாங்க பணம் கட்டணுமா?" என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஜேஆர்எஃப் பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. விடுதி கிடைக்காதவர்களுக்கு விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு. "கட்ட வேண்டியதில்லைம்மா, அவனுக்குத்தான் மாசாமாசம் குடுப்பாங்க" என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அவரிடம் மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னேன்: பட்டம் பெற்ற உடனே நிலையான வேலை கிடைக்காது, ஊர் ஊராக இரண்டு மூன்று முனைவர் பட்ட மேலாய்வுப் பணிகளை (போஸ்ட்டாக்) கடந்த பிறகே பேராசிரியர் பதவிக்கு முயல முடியும், அந்தப் பதவிகளும் குறைவு. இதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. உதவித்தொகை எதுவும் இல்லாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்ந்த பிறகு

முதலாண்டில் 12 முதல் 16 மதிப்பலகு (கிரெடிட்) வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வு. விதிப்படி குறைந்தது மூன்றாண்டு, உச்சவரம்பு ஆறாண்டு. கோட்பாட்டில் ஐந்தாண்டு ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

துறையில் அன்றன்று நடப்பதை அறிய, ஆய்வுக் கட்டுரைகளை இதழில் வரும் முன்பே இலவசமாகப் படிக்கத் தரும், 1991-இல் தொடங்கிய ஆர்கைவ் இணையதளத்தைத் திறக்கும் பழக்கம் வேண்டும். புதிய கட்டுரைகளின் பட்டியல் நம் நேரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரை அல்லது ஆறரைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். தலைப்புகளைப் பார்த்து, இரண்டின் சுருக்கத்தைப் படித்தால் போதும். எழுதுவதற்கு, சமன்பாடுகளை அச்சுத் தரத்தில் அமைக்க உதவும் லாடெக் மென்பொருளை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கில் நேரும் ஒரு விபத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். என் இரண்டாம் ஆண்டில், ஒரு கட்டுரையிலிருந்து வளைவுக்கான சூத்திரத்தையும் வேறொரு கட்டுரையிலிருந்து புலச் சமன்பாட்டையும் எடுத்துச் சேர்த்துக் கணக்கிட்டேன். விடையில் ஆற்றல் எதிர்க்குறியோடு வந்தது. மூன்று வாரம், நோட்டில் அறுபது பக்கம்; ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தது. கடைசியில்தான் கண்டேன்: முதல் கட்டுரையாளர் காலத்துக்கு எதிர்க்குறியும் வெளிக்கு நேர்க்குறியும் வைத்திருந்தார்; இரண்டாமவர் அதைத் தலைகீழாக வைத்திருந்தார். அன்று முதல், எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அதன் குறி வழக்கத்தையும் அலகுகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய பிறகே தொடங்குகிறேன். நோட்டில் தேதியும் பக்க எண்ணும் இடுங்கள். தவறான கணக்கையும் கிழிக்காமல், ஏன் தவறு என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

வெளியீட்டில் ஓர் எச்சரிக்கை: பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை நம்ப வேண்டாம். கோட்பாட்டு இயற்பியலில் மதிப்புள்ள பல இதழ்களில் கட்டுரையாளர் பணம் கட்டாமலே வெளியிடலாம். யுஜிசியின் 2022 விதிகள் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், அடுத்த வேலைக்கு அவற்றைத்தான் பார்ப்பார்கள்.

ஆய்வேடு கருத்துத் திருட்டுச் சோதனையைக் கடந்து, வெளியிலிருந்து குறைந்தது இரு தேர்வாளர்களுக்குப் போய், அவர்கள் ஏற்ற பிறகு பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். தேர்வாளர் அறிக்கைகள் வர மாதக் கணக்கில் ஆகலாம். மேலாய்வுப் பணிகளுக்கான விண்ணப்பங்களோ செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் போய்விட வேண்டும். அவற்றால் கிடைக்கும் பணி அடுத்த இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும். ஆகவே, ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்கும் மாதத்திலேயே, உங்கள் பணியை நேரில் அறிந்த மூவரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குப் பேசி வையுங்கள். அந்த மூவரில் ஒருவராவது உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.